பழைய நேரமோ, புது நேரமோ?

மருமகளின் குறிப்பை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் வெள்ளவத்தையில் ஒரு சாத்திரியாரிடம் போயிருந்தோம். அக்காவின் மகள் 1998இல் பிறந்தவள். மாப்பிள்ளை வீட்டார் பொருத்தம் பார்க்கக் கேட்டிருந்தார்கள். சாத்திரியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்ததும் கேட்ட முதற் கேள்வி: “பிள்ளை, இது பழைய நேரமோ, புது நேரமோ?”

கொழும்பில் அந்தப் பத்து வருடங்களைக் கடந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு கடுமையானபோது, மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூடுகள் எல்லாம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்ப எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரைப் புத்தாண்டு வரை அப்படியே நின்றது. அதுவரை யாராவது நேரம் சொன்னால் எதிரில் நிற்பவர் ‘பழசா, புதுசா’ என்று கேட்பார்.

அரை மணித்தியாலம்தானே என்று விட முடியாது. கீழ்வானில் ஓர் இராசி எழுந்து முடிய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆகும். அரை மணித்தியாலம் பிசகினால், கிட்டத்தட்ட நான்கு சாதகத்தில் ஒன்றில், பிறக்கும்போது எழுகிற இராசியாகிய இலக்கினமே மாறிப்போகும். இலக்கினம் மாறினால் பன்னிரண்டு வீடும் இடம் பெயரும். அழுதுகொண்டு பிறந்த பிள்ளை ஒருத்திதான். தாள் சொல்கிற ஆள் மட்டும் வேறாகிவிடுவாள். சாதகத்தின் மெய் பொய்யைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அந்தக் கேள்வி என்னை வேறொரு பக்கம் கொண்டுபோனது. ஒருவரை ‘இன்னார்’ என்று சொல்வதற்குக் காலம் எவ்வளவு தேவைப்படுகிறது? காலம் நகர நகர, அந்த ‘இன்னார்’ அதே ஆளாக எப்படி நிற்கிறார்?

இந்த நகரத்தில் சமயம் நாட்காட்டியையே அசைத்த காலமும் உண்டு. 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை சனி, ஞாயிறு அல்ல. சந்திரனின் நான்கு நிலைகளை ஒட்டி வந்த, பௌத்தரின் புனித நாளான போயா நாளும் அதற்கு முந்திய நாளுமே விடுமுறை. சந்திரன் ஏழு நாட் கணக்குக்கு அடங்காதது. ஆகவே சில வாரங்களுக்கு ஏழு நாள், சிலவற்றுக்கு எட்டு நாள். ஞாயிறு வேலைநாளாகிவிட, பூசை கண்டுவிட்டுக் கந்தோருக்கு ஓட வேண்டியிருந்தது என்று கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வாரம் என்பது மனிதர் போட்ட கோடு என்று அந்த ஐந்து வருடமும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கோட்டை எங்கே போடுவது என்பது அரசும் பஞ்சாங்கமும் முடிவு செய்கிற காரியம். இந்தக் கோடுகளைத் தாண்டி ‘அவனேதானா இவன்?’ என்ற கேள்வி நிற்கிறது. சமயங்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் வினை. நேற்றுச் செய்தவன் ஒருவன், நாளை அனுபவிப்பவன் இன்னொருவன் என்றாகிவிட்டால் நீதி எங்கே நிற்கும்? தமிழில் இந்தச் சொல்லே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. செயலும் வினை, செயலின் பயனும் வினை, இலக்கணத்தில் ஓடு, வா, இரு என்பவையும் வினை. ‘வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது நினையுங் காலைக் காலமொடு தோன்றும்’ என்கிறது தொல்காப்பியம். பெயர்ச்சொல் தன்பாட்டில் இருக்கும். வினை வந்தவுடன் காலமும் கூடவே வந்துவிடுகிறது. இலக்கண ஆசிரியர் கருமத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சமய வாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சூத்திரம்தான் முன்னுக்கு வருகிறது. பெயருக்கும் வினைக்கும் இடையில் நடக்கும் வழக்கைத்தான் அவர்களும் பேசுகிறார்கள்.

கொழும்புக் கொச்சிக்கடையில் கொஞ்சத் தூரம் நடந்தால் இந்த வழக்கின் இரண்டு தரப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் 1850களில் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லால் எடுப்பித்தார். வெளியே துறைமுகத்து லொறிகளின் இரைச்சல். உள்ளே கால் வைத்தால் கல்லின் குளிர். பழைய கட்டடம் போய்விட்டது, சுவரும் தூணும் கூரையும் புதிது. அப்படியானால் இது அதே கோயிலா?

சைவத்தில் இந்தக் கேள்விக்கு வெறும் கோட்பாட்டு விடை மட்டுமல்ல, கிரியையாகவே ஒரு விடை இருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் பாலஸ்தாபனம் செய்வார்கள். மூல மூர்த்தியில் விளங்கும் தெய்வக் கலைகளைக் கலாகர்ஷணம் என்ற கிரியையால் ஈர்த்துக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதியில் வைத்துப் பூசிப்பார்கள். நூலும் தேங்காயும் மாவிலையும் வைத்த ஒரு குடம், அவ்வளவுதான். வேலை நடக்கும் காலமெல்லாம் கோயில் அந்தக் குடத்தில் இருக்கிறது. அங்கேதான் அருச்சனை, அங்கேதான் கற்பூரம். கட்டி முடிந்ததும் குடமுழுக்கில் அந்தக் கலைகள் திரும்பத் தம் இடத்துக்குப் போகின்றன. இது அதே கோயில் என்று அடியவர் சந்தேகமின்றிச் சொல்வதற்குக் கல் காரணமல்ல, இடைவெளியே விடாத அந்த வழிபாடுதான் காரணம்.

உயிரைப் பற்றியும் சைவ சித்தாந்தம் இதே அமைப்பில்தான் பேசுகிறது. பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், தளை மூன்றும் அநாதி. உயிரை யாரும் படைக்கவில்லை, அது அழியவும் போவதில்லை. உடல்தான் வந்து வந்து போகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். அதில் மூன்றாவது, உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. அவற்றில் ஒன்று ‘எனதுடல் என்றலின்’. ‘என் உடம்பு’ என்று சொல்கிறாயே, அப்படிச் சொல்கிற ‘நான்’ உடம்புக்கு வேறாகத்தானே இருக்க வேண்டும்? இன்னொன்று, உறக்கத்தில் உடலும் மூச்சும் இருந்தும் உண்பதும் செய்வதும் இல்லையே, ஆகவே அவற்றுக்கு மேலாக ஒன்று உண்டு.

முதற் காரணம் எனக்குத் தனியே போதுமானதாகப் படவில்லை. ‘என் உயிர்’ என்றும்தானே சொல்கிறோம். பேச்சு வழக்கை நம்பி அந்த வழியே போனால் முடிவில்லாமல் போகலாம். சித்தாந்தத்தின் உண்மையான ஆழம், உயிரைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. படிகத்தைச் சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பு, நீலத்தில் வைத்தால் நீலம். உயிரை மறைக்கும் மலமாகிய ஆணவத்தைச் சார்ந்தால் உயிர் இருளாகிறது, சிவத்தைச் சார்ந்தால் ஒளியாகிறது. இறைவன் மாறாத சத்து, உலகம் மாறி ஒடுங்கும் அசத்து, உயிரோ இரண்டின் இயல்பும் கொண்ட சதசத்து. மாற்றத்துக்கு அப்பால் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் உயிர் அல்ல இது. மாறக்கூடியது என்பதாலேயே அதற்கு விடுதலை சாத்தியம். காலமும் இங்கே கடவுள் அல்ல. முப்பத்தாறு தத்துவங்களில் ஒன்று, மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று உயிரின் அனுபவத்தை வரையறுப்பது அதன் வேலை. வினையும் சடம்தான். தன்னைச் செய்தவன் யார் என்று அதற்குத் தெரியாது. ஆகவே அதை உரியவரிடம் கொண்டுவந்து சேர்க்க இறைவனின் ஆணை வேண்டியிருக்கிறது.

பௌத்தர் இந்தக் கடைசி இடத்தில் தலையசைக்க மாட்டார்கள். கொண்டுவந்து சேர்க்க ஒருவரும் வேண்டாம், பெற்றுக்கொள்ள நிலையான ஓர் ஆளும் வேண்டாம் என்பார்கள். பிறகு எப்படி? மிலிந்த அரசனும் நாகசேனத் தேரரும் பேசிக்கொள்ளும் மிலிந்தபஞ்ஹ என்ற பாளி நூல் இந்தக் கேள்வியைச் சுற்றியே பெரும்பாலும் நகர்கிறது. குழந்தையாக மல்லாந்து கிடந்தவனும் இன்று வளர்ந்து நிற்பவனும் ஒருவனா, வேறா? வேறு என்றால், குற்றம் செய்தவன் ஒருவன், தண்டிக்கப்படுபவன் இன்னொருவனா? ஒருவன் என்றால் எதில் ஒருவன்? நாகசேனரின் விடை: அவனும் அல்லன், வேறொருவனும் அல்லன். இரவு முழுவதும் எரிகிற விளக்கை அவர் காட்டுகிறார். முதற் சாமத்துச் சுடர்தான் கடைசிச் சாமத்துச் சுடரா? இல்லை. வேறு விளக்கா? அதுவும் இல்லை. பால் தயிராகி, வெண்ணெயாகி, நெய்யாகிறது. நெய்யைப் பால் என்றும் சொல்ல முடியாது, பாலில்லாமல் வந்தது என்றும் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது மாங்காய்த் திருடனின் உவமை. ஒருவன் அடுத்தவன் மரத்து மாங்காயைத் திருடி அகப்படுகிறான். ‘இவர் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்தது வேறு. ஆகவே நான் குற்றவாளி அல்ல’ என்கிறான். மன்னர் சிரிக்காமல் தண்டிப்பார் அல்லவா என்று கேட்கிறார் நாகசேனர். நட்டதிலிருந்து வந்ததுதானே பறித்தது. பொறுப்பு என்பதற்கு ஒரே பொருள் நீடிக்க வேண்டியதில்லை, அறுபடாத தொடர்ச்சி இருந்தால் போதும் என்பது இந்த வாதம்.

ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர் இதை இன்னும் நுணுக்கிவிடுகிறார். தேர்ச்சக்கரம் உருளும்போதும் ஒரு புள்ளியில்தான் நிலத்தைத் தொடுகிறது, நிற்கும்போதும் ஒரு புள்ளியில்தான். அதுபோல உயிர்கள் வாழ்வதும் ஒரே ஒரு சித்தக் கணம், ஓர் எண்ணம் தோன்றி மறையும் நேரம். சென்ற கணத்தில் வாழ்ந்தோம், இனி வாழ்கிறோம் இல்லை. காலி வீதியில் பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வயிறு ஒருதரம் கலங்கும். பௌத்தத்துக்குள்ளும் எல்லோரும் இதில் அமைதி கண்டவர்கள் அல்லர். உடலும் உள்ளமுமாக அமைந்த ஐந்து கந்தங்களுக்கு வேறுமல்லாத ஒன்றுமல்லாத ‘புத்கலன்’ என்ற ஆள் உண்டு என்று வாதாடிய ஒரு பிரிவே இருந்தது. தேரவாதத்தின் கதாவத்து என்ற நூல் முதல் வழக்காக எடுத்து மறுப்பது அவர்களைத்தான்.

இந்தப் பேச்சு தமிழுக்கு அந்நியமில்லை. மணிமேகலை மணிபல்லவத்தில் புத்த பீடிகையைத் தொழுது தன் முற்பிறப்பை அறிகிறாள். அந்த மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்து நயினாதீவு என்று கொள்வாரும் உளர். அவளை விரும்பிய இளவரசன் உதயகுமரன் வெட்டுண்டு கிடக்கையில், தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை அதன் காரணத்தைச் சொல்கிறது. சென்ற பிறப்பில் இராகுலனாக இருந்தவன், சமைத்த கலம் சிதற இடறி விழுந்த சமையற்காரனை வாளால் வீசிக் கொன்றான். அந்த வினை வந்து உருத்தது. பெயர் வேறு, உடல் வேறு, நினைவும் இல்லை. வினை மட்டும் வழி தெரிந்து வந்துவிட்டது. ஆன்மா இல்லை என்று சொல்லும் சமயத்தின் காப்பியம் இத்தனை உறுதியாக ‘அவன்தான் இவன்’ என்று காட்டுவதைப் படிக்கும்போது, கோட்பாட்டின் இறுக்கம் கதையில் நெகிழ்ந்துவிடுகிறதோ என்று எனக்குத் தோன்றும்.

சதசத்து என்கிறது சைவம். அவனுமல்லன், வேறுமல்லன் என்கிறது பௌத்தம். சிவஞானசித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் பௌத்தர்களோடு அருணந்தி சிவாசாரியார் எத்தனை கடுமையாக மோதினாலும், மாற்றத்தை மறைக்காமல் பொறுப்பைக் காப்பாற்ற இருவரும் எடுக்கும் பாடு ஒரே குடும்பத்துப் பாடாகவே எனக்குத் தெரிகிறது.

முஸ்லிம்களின் காலம் மாலையில் தொடங்குகிறது. மஃரிப், அதாவது சூரியன் மறையும் நேரத் தொழுகை, வந்தால் அடுத்த நாள். நோன்புக்கு முன்னும் பெருநாளுக்கு முன்னும் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை பார்ப்பதற்கான கூட்டம் நடக்கும். நாட்டின் பல ஊர்களிலிருந்து யாராவது கண்டார்களா என்று காத்திருப்பார்கள். கண்டவர் சாட்சி சொன்னால் மாதம் பிறக்கும், இல்லையென்றால் முப்பதாகப் பூர்த்தியாகும். தெமட்டகொடையில் என் நண்பன் வீட்டில் ஒரு பெருநாள் இரவு இருந்திருக்கிறேன். அடுப்பில் சட்டி இருக்கிறது, வானொலியில் எல்லோருடைய காதும் இருக்கிறது, நாளை என்ன நாள் என்று யாருக்கும் தெரியாது. இயந்திரத்தால் அல்லாமல் ஒரு மனிதரின் சாட்சியால் காலம் வந்து சேர்கிற இந்த அழகை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்நாட்டு முஸ்லிம்கள் வழிவழியாகச் சட்டத்தில் ஷாபிஈ மத்ஹபையும் இறையியலில் அஷ்அரி கொள்கையையும் பின்பற்றி வந்தவர்கள். அஷ்அரி அறிஞர்களின் காலக் கோட்பாடு வியப்பானது. உலகம் நுண்பொருள்களாலும் அவற்றின் தன்மைகளாலும் ஆனது. எந்தத் தன்மையும் இரண்டு கணம் நீடிக்காது. ஒவ்வொரு கணமும் அல்லாஹ் அதைப் புதிதாகப் படைக்கிறான். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி பஞ்சையும் நெருப்பையும் எடுத்துக்காட்டுகிறார்: நெருப்புப் பட்டபோது பஞ்சு எரிவதைக் காண்கிறோம், நெருப்பால்தான் எரிந்தது என்பதைக் காணவில்லை. கணங்களாக உடைந்த உலகம் என்ற மட்டில் இது புத்தகோசரின் பக்கத்தில் நிற்பதுபோல் தோன்றும். ஆனால் அங்கே கணத்தைக் கணத்தோடு கட்டுவது காரண காரியத் தொடர், இங்கே கட்டுவது படைத்தவனின் நாட்டம். ஒன்றில் தொடர்ச்சி விதி, மற்றதில் கருணை.

மறுமையில் எழுப்பப்படுபவன் அதே மனிதனா என்று தத்துவவாதிகள் கேட்டபோது கஸ்ஸாலி கலங்கவில்லை. மனிதன் மனிதனாக இருப்பது ஆன்மாவால். சிறுவயது தொட்டு முதுமை வரை மெலிந்தும் பருத்தும் உணவால் மாறியும் வந்த உடம்பில் அவன் அவனாகத்தானே இருந்தான் என்கிறார். கேட்பதற்கு மெய்கண்டார் பக்கத்து வீட்டில் இருந்து பேசியதுபோல இருக்கும்.

பொன்னம்பலவாணேசர் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் திருநீறு பூசிய நெற்றிகள் நிறைய இருக்கும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசையில் அங்கே குண்டு வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் திருத்தலம் திரும்பத் திறக்கப்பட்டது. கிறிஸ்தவச் சிந்தனையில் காலம் பற்றி எல்லோரும் எடுத்துக்காட்டுவது பழைய திருச்சபையின் ஆயரான புனித அகுஸ்தினாரைத்தான். காலம் என்றால் என்ன என்று யாரும் கேட்காதவரை எனக்குத் தெரியும், கேட்டால் தெரியவில்லை என்றவர் அவர். இறந்தகாலம் நினைவாகவும், நிகழ்காலம் கவனமாகவும், எதிர்காலம் எதிர்பார்ப்பாகவும் உள்ளத்தில் இருக்கின்றன என்று அவர் முடிவுக்கு வருவது அழகுதான். மனப்பாடமான ஒரு சங்கீதத்தைச் சொல்லச் சொல்ல, எதிர்பார்ப்பில் இருந்த அடிகள் ஒவ்வொன்றாக நினைவுக்குள் போய்ச் சேர்வதை உதாரணம் காட்டுவார்.

ஆனால் கொச்சிக்கடையில் நின்றபோது எனக்கு அகுஸ்தினார் நினைவில் வரவில்லை, தோமையார்தான் வந்தார். உயிர்த்து வந்தவர் இயேசுவேதான் என்று நம்ப, அவருடைய சீடரான தோமையார் கேட்டது முகத்தையல்ல, ஆணி துளைத்த காயங்களை. யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரம். சாவை வென்ற உடலிலும் காயம் ஆறி மறைந்துவிடவில்லை. வினையைப் பேசும் சமயங்களில் ஒருவரை இன்னாரென்று அடையாளப்படுத்துவது அவர் செய்த வினை. இங்கே பிறர் அவருக்குச் செய்தது அவருடைய அடையாளமாக நிற்கிறது. போரையும் குண்டையும் கடந்து வந்த எங்களுக்கு இதைவிட நெருக்கமாக வேறொரு விடையைச் சொல்ல முடியாது.

இத்தனையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் இந்த நகரத்தில் பிறந்த ஒரு தமிழர். ஆனந்த குமாரசுவாமி, 1877இல் கொழும்பில் பிறந்து, பின்னர் பொஸ்டனில் நுண்கலைக் காட்சியகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். காலமும் நித்தியமும் பற்றி இந்து, பௌத்த, கிரேக்க, இஸ்லாமிய, கிறிஸ்தவ மரபுகளை ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1947இல் வெளிவந்தது. அந்த ஆண்டே அவர் மறைந்தார். நித்தியம் என்பது முடிவில்லாமல் நீளும் காலமன்று, நீட்சியே இல்லாத ‘இப்போது’. எல்லா மரபும் சுட்டுவது அந்த ஒன்றைத்தான் என்பது அவர் கருத்து. அவருடைய புலமைக்கு முன் தலைவணங்குகிறேன். ஆயினும் அந்த இடத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள் என்று முடித்தால், கும்பத்துக்கும் சுடருக்கும் பிறைச் சாட்சிக்கும் காயத்துக்கும் உள்ள வேறுபாடு கரைந்துவிடும். யார் பொறுப்பு, யார் நினைவுகூர வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பவை எல்லாம் அந்த வேறுபாடுகளில்தான் இருக்கின்றன. நீட்சியில்லாத ‘இப்போது’வில் மாங்காய்த் திருடனை விசாரிக்க இயலாது.

சாத்திரியாரின் கேள்விக்கு அக்கா உடனே விடை சொன்னார். “துண்டில இருக்கிறது புது நேரம், ஐயா. எங்கட வீட்டு நேரம் அரை மணித்தியாலம் குறைய.” அவர் பென்சிலால் அதைக் கழித்து எழுதினார்.

எங்கள் வீட்டு நேரம் என்று அக்கா சொன்னது குசினிச் சுவரில் தொங்கிய மணிக்கூட்டை. 1996இல் எல்லோரும் முள்ளைத் திருப்பியபோது அம்மா அதைத் தொட விடவில்லை. இராகுகாலமும் விரத நாழிகையும் பார்க்க அது அப்படியே இருக்கட்டும் என்றார். பத்து வருடம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மணிக்கூடு பிந்துகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இடையில் கண்ணாடி உடைந்து மாற்றினோம், பற்றரி எத்தனை தரம் போட்டோமோ தெரியாது. 2006 சித்திரையில் மற்ற மணிக்கூடுகளை எல்லாம் இறக்கி அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம். அம்மா அதையும் ஒருதரம் கழற்றி, முந்தானையால் தூசு துடைத்து, முள்ளைத் தொடாமல் அதே ஆணியில் மாட்டினார்.